இடையில் ஏறும் கைப்பேசிக் கட்டணம்: கையெழுத்து யாரைக் கட்டுகிறது?

அடுத்த மாதம் முதல் தங்களின் திட்டம் மேம்படுத்தப்படுகிறது, கூடுதல் டேட்டா வழங்கப்படும், மாதக் கட்டணம் 5 வெள்ளி உயரும், மேல்விவரங்களை இணையப் பக்கத்தில் காண்க. மலாய் மொழியில் இரண்டு மூன்று வரிகளில் வரும் இத்தகைய குறுஞ்செய்தியை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பெரும்பாலோர் விளம்பரம் என்று எண்ணி அழித்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகக் கழியும் தொகை கூடியிருப்பது கண்ணில் பட்டு, இணைப்பு வாங்கிக் கொடுத்த கடைக்குப் போய்க் கேட்டால், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது அண்ணே, நாங்க ஒன்னும் செய்ய முடியாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு தரப்பு மட்டும் விலையை மாற்ற முடியுமா, மாற்றினால் மறுதரப்புக்கு என்ன உரிமை உண்டு, அந்த உரிமையைத் தோட்டப்புறத்தில் இருக்கும் ஒருவர் எப்படி எடுத்துப் பயன்படுத்துவது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஐந்து வெள்ளிதானே என்று சொல்பவர்களுக்காக ஒரு கணக்கு. 24 மாத ஒப்பந்தத்தில் பத்து மாதம் கழிந்த நிலையில் கட்டணம் 5 வெள்ளி உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 14 மாதங்களுக்கு, 6 விழுக்காடு சேவை வரியும் சேர்ந்து, 74 வெள்ளி 20 சென் கூடுதலாகப் போகும். கணவன், மனைவி, படிக்கும் பிள்ளை என்று வீட்டில் மூன்று இணைப்பு இருந்தால் 222 வெள்ளி 60 சென். மாதம் 1,700 வெள்ளி என்ற குறைந்தபட்சச் சம்பளத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவருக்கு இது மூன்று நாள் கூலிக்கும் மேல். பணத்தின் அளவு ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு ஆண்டுக்குக் கட்டுப்படுகிறேன் என்று அவர் கையெழுத்திட்டதே இரண்டு ஆண்டுக்கு விலை தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பில் தொகை ஏறியதெல்லாம் எதிர்க்கத்தக்க உயர்வு ஆகாது. அரசாங்கம் வரியை உயர்த்தினால் நிறுவனம் அதை வசூலித்துச் செலுத்தும் இடத்தில்தான் இருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி பொதுவாக 8 விழுக்காடாக உயர்ந்தபோதும் தொலைத்தொடர்புச் சேவைக்கு 6 விழுக்காடே நீடித்தது என்பதால், வரி ஏறியதால் பில் ஏறியது என்று அப்போது எவரேனும் காரணம் சொல்லியிருந்தால் அது செல்லாத காரணம். அதுபோல, முதல் 12 மாதத்துக்கு மட்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுத்த கழிவு முடிந்து முழுக்கட்டணம் வருவதும் உயர்வு அன்று. அது ஒப்பந்தத்தில் இருந்ததுதான். சொல்லாமல் விட்டிருந்தால் அது வேறு வழக்கு. ஆகவே பில்லை எடுத்து, மாதக் கட்டணம், கழிவு, வரி ஆகிய மூன்று பதிவுகளையும் பழைய பில்லோடு ஒப்பிட்டு, எந்தப் பதிவு மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. மாதக் கட்டணம் என்ற பதிவே மாறியிருந்தால்தான் இனி சொல்லப்போவது பொருந்தும்.

நிறுவனங்கள் இத்தகைய உயர்வுக்குச் சட்ட ஆதாரமாகக் காட்டுவது ஒப்பந்தத்தின் பின்பகுதியில் இருக்கும் ஒரு விதியை. கட்டணத்தையும் நிபந்தனைகளையும் முன்னறிவிப்புடன் எந்நேரமும் மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு, மாற்றத்துக்குப் பின்னும் சேவையைப் பயன்படுத்துவது சம்மதமாகக் கொள்ளப்படும், சம்மதம் இல்லையேல் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தனியாகப் படித்தால் இதில் பெரிய குற்றம் தெரியாது. வேண்டாதவர் விலகலாம் என்றுதானே இருக்கிறது! ஆனால் அதே ஒப்பந்தத்தில் சில பக்கங்கள் தள்ளி இன்னொரு விதி இருக்கும்: ஒப்பந்தக் காலம் முடியுமுன் பயனீட்டாளர் விலகினால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை வெளிப்படுகிறது. நிறுவனம் விலையை மாற்றலாம், அதற்குச் செலவில்லை. பயனீட்டாளர் அதை ஏற்க மறுக்கலாம், அதற்கு அபராதம் உண்டு. சம்மதம் என்று சொல்லப்படுவது இங்கே கட்டாயத்தின் மேல் போர்த்திய துணி. என் பார்வையில் இந்தச் சிக்கலின் உயிர்நிலை இந்த இரண்டு விதிகளும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. கட்டணத்தை உயர்த்தியது சரியா தவறா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, உயர்த்தியபோது அபராதமின்றி வெளியேற வழிவிட்டாயா என்று கேட்பதே வலுவான கேள்வி.

அது ஏன் வலுவானது என்பதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தை மாற்றுவதற்கு இரு தரப்பும் உடன்படுவதை அடிப்படையாக வைத்துப் பேசுகிறது. ஒருவர் பேசாமல் இருந்தார் என்பதனால் மட்டும் அவர் உடன்பட்டார் என்று பொதுவாகக் கொள்வதில்லை. முன்கூட்டியே உடன்பட்டுவிட்டார், அந்த விதியிலேயே கையெழுத்து இருக்கிறது என்பது நிறுவனத்தின் பதிலாக இருக்கும். அந்தப் பதிலைச் சந்திக்கத்தான் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய தனிப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டு 2011 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கையெழுத்துப் போட்டாயா, போட்டால் கட்டுப்படு என்ற நிலைதான் பெரும்பாலும் இருந்தது.

இந்தப் பகுதி இரண்டு விதமான நியாயமின்மையைப் பிரித்துச் சொல்கிறது. ஒன்று, ஒப்பந்தம் உருவான முறையில் உள்ள நியாயமின்மை, 24சி பிரிவு. மற்றது, ஒப்பந்தத்தின் உள்ளடக்கமே கடுமையானதாக, ஒடுக்குவதாக, மனச்சாட்சிக்கு ஒவ்வாததாக இருப்பது, 24டி பிரிவு. முறையைப் பார்க்கும்போது, பயனீட்டாளரின் அறிவும் புரிதலும் எத்தகையவை, இரு தரப்பின் பேரம் பேசும் வலிமை எப்படி, விதிகளைப் பற்றிப் பேசி மாற்ற வாய்ப்பிருந்ததா, அவை பொடி எழுத்திலோ படிக்கக் கடினமாகவோ இருந்தனவா என்பவற்றைப் பயனீட்டாளர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் கவனிக்கலாம்.

தோட்டப்புறத்து நகரில் ஓர் இணைப்பு எப்படி வாங்கப்படுகிறது என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். சம்பளம் போட்ட வாரத்தில் டவுனுக்கு வந்த ஒருவர் கடைக்குள் நுழைகிறார். அடையாள அட்டையை வாங்கிக் கருவியில் செருகுகிறார்கள். விவரங்கள் தாமாக நிரம்புகின்றன. கடைப் பையன் ஒரு டேப்லெட்டைத் திருப்பி நீட்டி, "இங்க விரலால சைன் போடுங்க அம்மா" என்கிறான். திரையில் கையெழுத்துக்கான கட்டம் மட்டுமே தெரிகிறது. விதிகள் வேண்டுமானால் இன்னோர் இணைப்பைத் தொட்டுத் திறக்க வேண்டும், திறந்தாலும் அவை ஆங்கிலத்திலோ மலாயிலோ பல பக்கங்களுக்கு ஓடும். ஒப்பந்தத்தின் படி மின்னஞ்சலுக்குப் போகும் என்பார்கள். மின்னஞ்சல் இல்லாதவருக்குக் கடையிலேயே ஒன்றை உருவாக்கிக் கொடுப்பதும் உண்டு. அதன் கடவுச்சொல் பிறகு வாங்கியவருக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் நினைவிருக்காது. இதற்கு நடுவே வாய்மொழியாக உறுதி ஒன்று வரும்: "ரெண்டு வருசத்துக்கு இதே வெலதான்." இந்தக் காட்சியின் ஒவ்வொரு கூறும் 24சி பிரிவு கேட்கும் கேள்விகளுக்குப் பதிலாக அமைகிறது. அந்த வாய்மொழி உறுதி தனியாகவும் மதிப்புள்ளது; ஏனெனில் விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாகும்படி காட்டுவதைத் தடுக்கும் 12-ஆவது பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. எனவே புகார் எழுதுபவர், கட்டணம் ஏறியது என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், எங்கே, எப்போது, யார் முன்னிலையில், எப்படிக் கையெழுத்திட்டார் என்பதையும் எழுத வேண்டும்.

ஆனாலும் நம் சட்டத்தில் உள்ள குறையை மறைக்கக் கூடாது. நியாயமற்றது என்பதைப் பொதுவான சொற்களில் வரையறுக்கும் நமது சட்டம், எந்தெந்த விதிகள் ஐயத்துக்குரியவை என்று பட்டியலிட்டுக் காட்டவில்லை. ஐரோப்பாவில் 1993-லேயே, நியாயமற்ற பயனீட்டாளர் ஒப்பந்த விதிகள் பற்றிய உத்தரவின் பின்னிணைப்பில், விலை மிக அதிகமாகும்போது விலகும் உரிமை தராமல் விற்பவர் விலையை உயர்த்த இடமளிக்கும் விதி பட்டியலில் வந்துவிட்டது. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் உரிமைச் சட்டத்திலும் அது தொடர்கிறது. அத்தகைய பட்டியல் இருந்தால் வழக்காடுபவர் அதைச் சுட்டிக்காட்டிப் பேசலாம். இங்கே ஒவ்வொருவரும் அடிப்படையிலிருந்து வாதத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது. தோட்டத்து வேலை முடித்து வந்து மனு எழுதும் ஒருவர்மேல் இந்தச் சுமையை வைப்பது சரியில்லை என்றே நான் கருதுகிறேன்.

பிரிட்டனின் அனுபவம் இன்னும் ஒன்றைக் கற்றுத் தருகிறது. அங்குள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், 2014 ஜனவரி 23 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், மாதக் கட்டணம் இடையில் உயர்ந்தால் வாடிக்கையாளர் அபராதமின்றி விலகலாம் என்ற நிலையைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் அதைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டுபிடித்தன. ஆண்டுதோறும் பணவீக்க விகிதமும் அதற்கு மேல் 3.9 விழுக்காடும் சேர்த்துக் கட்டணம் உயரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், அது முன்பே ஒப்புக்கொண்ட விலையாகிவிடும், இடைக்கால உயர்வு ஆகாது என்பது அந்த வழி. பணவீக்கம் குறைவாக இருந்த காலத்தில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. 2022 டிசம்பரில் அது 10.5 விழுக்காடாக இருந்தபோது, 2023 வசந்தத்தில் பலருடைய கட்டணம் 14.4 விழுக்காடு ஏறியது. அதன் பிறகே, 2025 ஜனவரி 17 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களில், வருங்கால உயர்வு ஏதும் இருந்தால் அதைப் பவுண்டு, பென்ஸ் கணக்கில், எந்தத் தேதியில் எவ்வளவு என்று கையெழுத்திடும் முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ஆஃப்காம் கட்டாயமாக்கியது. விலகும் உரிமை மட்டும் இருந்தால் போதாது, விலை தெளிவாகச் சொல்லப்படுவதும் அதோடு சேர வேண்டும் என்பதை அவர்கள் பதினோராண்டு இழப்புக்குப் பிறகு அறிந்தார்கள். நாம் அந்த நீண்ட பாதையைத் திரும்ப நடக்க வேண்டியதில்லை.

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டம், நிறுவனங்கள் சந்தை நிலைக்கேற்பக் கட்டணம் நிர்ணயிக்க இடமளிக்கிறது. ஆனால் அதன் 198-ஆவது பிரிவு கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும், ஒரே நிலையில் உள்ளவர்களிடையே காரணமற்ற பாகுபாடு கூடாது, செலவை ஒட்டி அமைய வேண்டும் என்ற கொள்கைகளை வைக்கிறது. 199-ஆவது பிரிவு பொதுநலன் கருதி அமைச்சர் தலையிட வழி செய்கிறது. பயனீட்டாளரிடம் நியாயமாக நடந்துகொண்டு புகார்களுக்குத் தக்க தீர்வு காண வேண்டும் என்று 188-ஆவது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்குப் போகும் தனி ஒருவரின் புகார், நிறுவனம் அவரை நடத்திய விதத்தைச் சரிசெய்ய உதவும். கட்டணத்தையே ஒட்டுமொத்தமாகக் கீழிறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்குப் பலர் சேர்ந்து எழுப்பும் குரல் வேண்டும். 2011 செப்டம்பரில், அதுவரை தாங்களே ஏற்றுக்கொண்டிருந்த 6 விழுக்காடு சேவை வரியை முன்கட்டண வாடிக்கையாளர்மேல் சுமத்தப் போவதாக நிறுவனங்கள் அறிவித்தபோது நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் அந்த முடிவு தள்ளிவைக்கப்பட்டது. அது வரி பற்றியது, இது ஒப்பந்தம் பற்றியது என்ற வேறுபாடு இருந்தாலும், புகார்களின் எண்ணிக்கைக்கு எடை உண்டு என்பதற்கு அது சான்று.

தோட்டப்புறத்துக்கே உரிய இன்னொரு சிக்கலை நகரத்தில் இருப்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. விலை பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள் என்பார்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இந்நாட்டில் 2008 முதல் உண்டு. ஆனால் செம்பனை மரங்களுக்கு நடுவே, மேட்டுக்கு அப்பால் இருக்கும் லயத்து வீட்டில் ஒரே ஒரு நிறுவனத்தின் அலைதான் வீட்டுக்குள் எட்டுகிறது என்றால், எந்த நிறுவனத்துக்கு மாறுவது? டவுனில் ஐந்து கம்பிகள் காட்டும் இணைப்பு, தோட்டத்துச் சாலையில் திரும்பியதும் ஒன்றாகக் குறைந்து, வாசலில் நின்று பேசினால்தான் கேட்கும் என்ற நிலை இன்னும் இருக்கிறது. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது பழைய கைப்பேசிகளை விட்டு 4ஜி கைப்பேசி வாங்க வேண்டி வந்தவர்களில் பலர் தவணை ஒப்பந்தத்தில்தான் அதை வாங்கினார்கள். 2022 நவம்பர் 30-இல் செல்கோமும் டிஜியும் ஒன்றிணைந்த பிறகு, தெரிவு செய்யக்கூடிய பெரிய நிறுவனங்களின் எண்ணிக்கையும் ஒன்று குறைந்தது. ஆகவே மாறும் உரிமை தாளில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றல்ல. இத்தகையவர்களுக்கு அபராதமின்றி விலகும் உரிமை மட்டும் கொடுத்தால் போதாது. எஞ்சிய காலத்துக்குப் பழைய விலையே நீடிக்க வேண்டும் என்ற கோரிக்கையைத்தான் அவர்கள் முதலில் வைக்க வேண்டும்.

கைப்பேசியையும் சேர்த்து வாங்கியவர்களின் நிலை மேலும் இறுக்கமானது. 24 அல்லது 36 மாத ஒப்பந்தத்தில் சலுகை விலையில் கருவி கிடைத்திருக்கும். விலகினால் கட்டச் சொல்லும் தொகையில் கருவியின் மிச்ச விலை எவ்வளவு, சேவையை முன்கூட்டி நிறுத்துவதற்கான அபராதம் எவ்வளவு என்று பெரும்பாலும் பிரித்துக் காட்டப்படுவதில்லை. பிரித்துக் கேட்பது பயனீட்டாளரின் உரிமை என்றே நான் சொல்வேன். வாங்கிய கருவியின் மிச்சப் பணத்தைக் கட்டுவது நியாயம். அதை மறுப்பது நம் வாதத்தைத்தான் பலவீனப்படுத்தும். நிறுவனமே விலையை மாற்றியதால் விலக நேர்ந்தவரிடம் சேவைக்கான அபராதத்தையும் கேட்பதுதான் நியாயமற்றது. ஒப்பந்தச் சட்டத்தின் 75-ஆவது பிரிவை விளக்கி, கியூபிக் எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பும், ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட தொகை என்பதற்காக முழுவதையும் அப்படியே வசூலித்துவிட முடியாது, அது நியாயமான இழப்பீடாக இருக்க வேண்டும் என்ற அடிப்படையைத் தாங்கியிருக்கிறது. தொடர்ந்து வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் ரத்து செய்வது பற்றியும், அப்போது வழங்குநர் எவற்றை வசூலிக்கலாம் என்பது பற்றியும் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பேசுகிறது. மனுவில் இவ்விரண்டு பிரிவுகளையும் குறிப்பிடுவது நல்லது.

இனிச் செய்ய வேண்டியவை. வந்த குறுஞ்செய்தியை அழிக்காமல் தேதி தெரியும்படி கைப்பேசித் திரையைப் படம் பிடித்து வைக்க வேண்டும். உயர்வுக்கு முந்தைய பில், பிந்தைய பில் இரண்டும் வேண்டும். ஒப்பந்தத்தின் படி கையில் இல்லையென்றால் நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். கோபத்தில் பில் கட்டாமல் விடுவது தவறான வழி. இணைப்பு துண்டிக்கப்படும், நிலுவை கடன் தகவல் நிறுவனத்தின் பதிவேட்டில் ஏறும், பிறகு மோட்டார் சைக்கிள் கடன் கேட்கப் போகும் இடத்தில் அது முன்னால் வந்து நிற்கும். தொகையைக் கட்டிவிட்டு, இந்த உயர்வை நான் ஏற்கவில்லை, கட்டுவது சம்மதமாகாது, திருப்பித் தரக் கோருகிறேன் என்று அதே வாரத்தில் எழுதி அனுப்புவதே பாதுகாப்பு. தொலைபேசியில் பேசினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. பேசினாலும் புகார் எண்ணைக் கேட்டு, தேதியோடு குறித்துக்கொள்ள வேண்டும். முதல் புகார் நிறுவனத்துக்குப் போக வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ ஆணையத்தின் இணையப் புகார்த் தளத்தில் பதியலாம்.

பணத்தைத் திரும்பப் பெறுவதற்கும் ஒப்பந்தத்தை மாற்றுவதற்கும் ஏற்ற இடம் உள்நாட்டு வாணிக, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்கும் பயனீட்டாளர் தீர்ப்பாயம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. கோரிக்கை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞர்கள் அங்கே வாதாட இடமில்லை என்பதால், பெரிய நிறுவனமும் தன் ஊழியர் ஒருவரைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும். பேராக்கில் இருப்பவர் ஈப்போவில் மனு கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். முதல் பாரத்தை நிரப்பிப் பதிந்த பின் அதன் படியை நிறுவனத்திடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும், ஏனெனில் சேர்ப்பித்ததற்குச் சான்று இல்லாவிட்டால் விசாரணை தள்ளிப்போகும். மலாயில் எழுதத் தயங்குபவருக்கு, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ உதவினால் போதும். சட்டப் புலமை தேவையில்லை, தேதி வரிசையில் நடந்ததைச் சொன்னால் போதும்.

கோரிக்கையை மட்டும் துல்லியமாக எழுத வேண்டும். ஒப்பந்தம் முடியும் வரை பழைய கட்டணமே நீடிக்க வேண்டும், கூடுதலாகப் பிடித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்பது முதல் கோரிக்கை. அதற்கு இணங்காவிட்டால், கருவியின் மிச்ச விலை நீங்கலாக வேறு தொகை ஏதும் கட்டாமல் விலக அனுமதிக்க வேண்டும் என்பது மாற்றுக் கோரிக்கை. ஒப்பந்த விதியைச் செல்லாதது என்று அறிவிக்கவும், ஒப்பந்தத்தை முழுமையாகவோ பகுதியாகவோ மாற்றவும் நீக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. தீர்ப்புக்கு 14 நாளுக்குள் கட்டுப்படாத நிறுவனம் குற்றம் செய்ததாகிறது. அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதமோ சிறைத்தண்டனையோ சட்டத்தில் இருக்கிறது. விசாரணைக்கு முன்பே நிறுவனம் தொலைபேசியில் அழைத்து, கழிவு தருகிறோம், மனுவை மீட்டுக்கொள்ளுங்கள் என்று சமரசம் பேசினால், கழிவு எத்தனை மாதத்துக்கு, ஒப்பந்தக் காலம் அதனால் புதிதாகத் தொடங்குகிறதா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்காமல் மனுவை மீட்கக் கூடாது. புதிய கழிவு என்ற பெயரில் இன்னும் 24 மாதத்துக்குக் கையெழுத்து வாங்கிவிடும் சமரசத்தில், அதே விலைமாற்று விதி மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறது.